நான்கு பஞ்சமங்களும் ஓர் அரமும்

விரல் நீளம்கூட இல்லாத இரும்பு அரம் அது. ஆர்மோனியத்தின் பித்தளை நாக்குகளைச் சுரண்டிச் சுருதி சேர்க்க வைத்திருந்தேன். தீபாவளி விடுமுறை முடிந்து ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனி திறந்த அன்று, என் கைப்பையோடு அதுவும் கேட்டுக்குள் வந்துவிட்டது. ஆபீஸ்காரி என்று வாட்ச்மேன் என் பையைப் பார்ப்பதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

திறப்புப் பூஜையில் போர்மேன் அண்ணாச்சி பாடுவார், நான் வாசிப்பேன். வருஷத்துக்கு ஒரே பாட்டு. அந்த வருஷம் ஆர்மோனியத்தை வீட்டில் நானே ஒரு வாரம் உட்கார்ந்து சேர்த்திருந்தேன். சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் சேர்த்து அழுத்தினால், இரண்டும் சரியாகப் பொருந்தாதவரை சத்தத்தில் ஓர் அலை கேட்கும். அது அடியோடு நிற்கும்வரை சுரண்டினேன். பஞ்சமத்திலிருந்து அதே இடைவெளியில் ரிஷபம், அதிலிருந்து தைவதம், அதிலிருந்து காந்தாரம். எல்லாம் சுத்தம் என்று நினைத்தேன். பூஜைப் பந்தலில் பாடிப் பார்த்த அண்ணாச்சி காந்தாரத்தில் நின்றுவிட்டார். "குத்துது தாயி."

அவர் சொன்னது சரி. அந்த நான்கு பஞ்சம இடைவெளிகளையும் முழு அகலத்துக்கு வைத்து ஏறியதில் காந்தாரம் மேலே போய் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொன்றையும் ஓர் இழை குறுக்கினால்தான் இறங்கும். பூஜைக்கு அரைமணி நேரமே இருந்தது. எதிரே வெடிமருந்து கலக்கும் அறை இருப்பதைக்கூட மறந்து அரத்தை எடுத்தேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. இரும்பு உரசிப் பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. என்னையும் ஆர்மோனியப் பெட்டியையும் கேட்டுக்கு வெளியே கூட்டிப்போனார். பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்து நான்கு நாக்குகளையும் அடிப்பக்கம் சுரண்டினேன். பஞ்சமத்தில் மெல்லிய அலை வந்தது, காந்தாரம் அடங்கியது. அரத்தை டீக்கடையில் கொடுத்துவிட்டு உள்ளே போனோம்.

பாட்டு அருமையாக அமைந்தது. முடிந்ததும் என்னிடம் வந்தார். "காந்தாரம் நல்லா நின்னுச்சு. நாளையிலருந்து ஒரு மாசம் வேலைக்கு வராதீக. மொதலாளிகிட்ட சொல்லிட்டேன்."

ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆளுக்கு இம்புட்டு விட்டுக்கொடுத்தாத்தான அண்ணாச்சி எல்லாம் சேருது?"

"அது ஆர்மோனியத்துல," என்றார். "இங்கன விட்டுக்கொடுத்தா பாட ஆள் மிஞ்சாது."

மாதம் முழுக்க அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இன்றைக்கும் பஞ்சமத்தை ஓர் இழை குறுக்கித்தான் சேர்க்கிறேன். அன்று திட்டியதை நினைத்தால் கூசுகிறது. ஏனென்றால் திரும்பிப் போன அன்றுதான் தெரிந்தது: தன் பொறுப்பில் இருக்கும் இடத்துக்குள் இரும்பு வந்தது தன் தப்பும்தான் என்று முதலாளியிடம் சொல்லி, அந்த ஒரு மாதமும் அவரும் வேலைக்கு வரவில்லை.