நியூட்ரலில் போன கல்யாணக் கார்

காலை ஐந்தரைக்குத் திருநெல்வேலியை விட்டுக் கிளம்பினேன். பாறசாலை வரை நூற்று முப்பது கிலோமீட்டர் சொச்சம். நான் லேபில் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே நர்ஸாக இருக்கும் ஷைனிக்கு அன்றைக்குக் கல்யாணம். நாகர்கோவில் வரை என் கார் தங்கமான பிள்ளை. அதிலிருப்பது இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. வேகமாகப் போகும்போது கியர் மாறுவதே தெரியாது.

ஏழேமுக்காலுக்குக் களியக்காவிளை, கேரள எல்லை. இரண்டு மாநிலத்துப் பஸ்களும் ஒரே சந்தியில் முட்டிக்கொண்டு நிற்க, என் காரின் வேறு முகம் வெளியே வந்தது. ஊர்ந்து போகச் சொன்னால் இதற்குப் புத்தி தடுமாறும். முதல் கியரா, இரண்டாவதா என்று முடிவெடுக்காமல் குலுக்கும். மிதித்தால் ஒரு கணம் சும்மா இருந்துவிட்டு வெடுக்கென்று பாயும். கிளட்ச் முழுசாகப் பிடிக்காமல் உரசிக்கொண்டே போவதால் சூடும் ஏறும். எங்கள் ஊர் மெக்கானிக் சொல்லித்தந்த வழி ஒன்றுதான்: பிரேக்கை மிதித்து நில்லுங்கள், முன்னால் நல்ல இடம் விழுந்ததும் ஒரே மூச்சில் போங்கள். நானும் நின்றேன். விழுந்த இடத்திலெல்லாம் ஆட்டோக்கள் நுழைந்தன. ஒரு டிரைவர் தலையை நீட்டி, “வண்டி ஓட்டப் படிக்க வந்ததோ சேச்சி?” என்று கேட்டுவிட்டுப் போனார். நீ நல்லா இருப்பே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்த்தினேன்.

பாறசாலையில் ஒரு சாயா, ஒரு பழம்பொரி, இரண்டும் சேர்ந்து இருபத்தைந்து ரூபாய். ஒன்பது மணிக்கு ஷைனி வீட்டுக்குள் நுழைந்தால், கல்யாணப்பெண் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். தொடை வரை மாவுக்கட்டு! துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்து, நெய்யாற்றின்கரையில் கட்டுப் போட்டு வந்து ஐந்து நாளாம். எனக்குச் சொல்லவே இல்லை. சொன்னால் வரமாட்டேன் என்று நினைத்தாளோ என்னவோ, கழுதை.

புக் செய்திருந்த காரில் அந்த நீட்டிய கால் நுழையவில்லை. என் காரின் பின்சீட்டில் குறுக்கே உட்காரவைத்தால் நுழைந்தது. ஆக, நான்தான் கல்யாண டிரைவர். தாலி கட்டியதும் மாப்பிள்ளை பிரபினுக்கு என் பக்கத்து முன்சீட். பெண் பின்னால் தலையணைமேல் காலை வைத்துக்கொண்டு ராணி மாதிரி.

மாதா கோவிலில் கல்யாணம் முடித்துப் பன்னிரண்டு மணிக்குப் பொழியூர் கிளம்பினோம். மாப்பிள்ளைக்கு அங்கே கடல் தொழில், அண்ணன் ஸ்டீபனோடு சேர்ந்து மீன்பிடி வள்ளம் வைத்திருக்கிறார். உச்சக்கடை தாண்டும்போது ஷைனி பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள்.

“அக்கா, என்னை யாரும் தூக்கிட்டு மட்டும் போகப்பிடாது. வாசல் வரைக்கும் காரு போகணும். நான் வாக்கரை ஊன்றி நடந்தே ஏறணும்.”

“ஏன் பிள்ளே, அவ்வளவு பிடிவாதம்?”

“கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம், காலு நேரே ஆகுமோ என்னவோன்னு இவங்க சொந்தத்திலே பேச்சு உண்டு. தூக்கிட்டுப் போனா, நொண்டிப் பெண்ணு வந்தாச்சுன்னு நாளைக்கு ஊரு முழுக்கப் பேச்சாக்கும்.”

பிரபின் திரும்பிப் பார்த்து, “ஆரு என்ன சொன்னா எனக்கென்ன, நீ பேசாம இரு,” என்றார். ஆனால் அவர் முகமும் வாடித்தான் இருந்தது. எனக்கு அவள்மேல் பாவமாக இருந்தது. அவள் காலுக்கு இப்போது என் கியர்பாக்ஸ்தான் பொறுப்பு.

பொழியூரில் கடலோர ரோட்டைக் கடல் கொண்டுபோய்விட்டது. எல்லா வண்டியும் உள்சந்து வழியாகத்தான். சந்து முனையில் பேண்டு செட் காத்திருந்தது. வீடு வரை முக்கால் கிலோமீட்டர், அதுவும் ஏற்றம். பேண்டுக்குப் பின்னால் பையன்கள் ஆட, அவர்கள் முதுகை ஒட்டி என் கார் ஊர்ந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஷைனி உதட்டைக் கடித்தாள். நான் ஜன்னலை இறக்கி, பையன்களோடு ஆடிக்கொண்டிருந்த ஸ்டீபனைக் கூப்பிட்டேன்.

“தம்பி, இது பைய போனா சூடாகும். ஒரு பாட்டு நின்னு ஆடுங்க. அப்புறம் விறுவிறுன்னு கொஞ்சம் நடங்க.”

“அப்படி ஒரு காரு உண்டா?” என்று சிரித்தாலும் சொன்னபடி செய்தார். நின்று ஒரு பாட்டு, நடந்து ஒரு பாட்டு. நல்லபடியாகத்தான் போனது. கடைசி வளைவில் ஒரு கிழவர் உற்சாகத்தில் காருக்கு நேர் முன்னால் ஆட வந்தார். ஏற்றத்தில் நின்று, நகர்ந்து, நின்று, நகர்ந்து... திரையில் எச்சரிக்கை எரிந்தது. கருகின வாடை. மிதித்தேன், இன்ஜின்தான் உறுமியது, கார் அசையவில்லை.

வீடு கண்ணுக்குத் தெரிகிறது. ஆறுவதற்கு அரை மணியாவது ஆகும். கதவைத் திறந்து இரண்டு மூன்று பேர் கையை நீட்டிவிட்டார்கள். “இறங்கு மக்கா, நாங்க தூக்கிட்டுப் போறோம்.” ஷைனி சீட்டைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

“அவளைத் தூக்கவேண்டாம், காரைத் தள்ளுங்க!” என்று கத்தினேன். எங்கிருந்து வந்த குரலோ.

ஸ்டீபன் வேட்டியை மடித்துக் கட்டினார். “எலே, வள்ளத்தையே கரையேத்துறோம், இதுவா ஏறாது? வாங்கலே!”

நியூட்ரலில் போட்டேன். இன்ஜின் ஓடட்டும், ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் வேண்டும். பத்திருபது பேர் பின்னாலும் பக்கத்திலும் கை வைத்தார்கள். எங்கள் தெருவில் நின்றுபோன காருக்குப் பின்னாலிருந்து முதலில் வருவது ஹாரன். இங்கே “ஏலேலோ... ஐலசா!” என்று வந்தது. பேண்டு செட்டும் அதே தாளத்தைப் பிடித்துக்கொண்டது. கார் ஏறியது. நடக்கிற வேகம்தான், ஒரு குலுக்கல் இல்லை. பின்னால் ஷைனி அழுதுகொண்டே சிரிக்கிறாள். நானும்தான்.

வாசலில் மாமியார் சிலுவையும் மெழுகுவர்த்தியுமாக நின்றிருந்தார். மருமகள் படியேறி வரும்வரை மாமியார் வாசலை விட்டு இறங்கக் கூடாதாம். ஷைனி வாக்கரை ஊன்றி எழுந்தாள், ஆடினாள். காரைத் தள்ளி வந்தவர்கள் அவசரமாகக் கை நீட்டினார்கள். மாமியார் விறுவிறுவென்று படியிறங்கி வந்து அவர்கள் கையைத் தட்டிவிட்டார்.

“ஆரும் பிடிக்காண்டாம்லே! அவளுக்க காலு, அவளுக்க வீடு. அவளே ஏறட்டு.”

படி மூன்று. ஷைனி ஏறி முடிக்கும் வரை மாமியார் மெழுகுவர்த்தியோடு அவளுக்குப் பின்னாலேயே நின்றார்.