கடலும் மலையும் சேர்ந்து திறக்கும் வாரம்

எங்கள் தீவில் ரொட்டிக்கடை ஒன்றுதான். கப்பல் டிக்கெட் விற்கும் கடையும் ஒன்றுதான். துறைமுகத்தை ஒட்டிய தெருவில் இரண்டும் எதிரெதிரே இருக்கின்றன. டிக்கெட் கடையில் இருபது வருடமாக உட்கார்ந்திருப்பவன் நான். காலையில் லாம்ப்ரினி அக்கா மாவுக் கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்து முகவாயை உயர்த்தினால், இன்று காற்று எத்தனை என்று கேட்கிறாள் என்று பொருள். நான் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து விரல்களைக் காட்டுவேன். ஐந்து, ஆறு என்றால் கப்பல் ஆடிக்கொண்டாவது வந்து சேரும். எட்டு விரல் காட்டினால் துறைமுகக் காவல்காரர்கள் ஏதென்ஸின் துறைமுகமான பிரேயசில் கப்பலின் கயிற்றையே அவிழ்க்க விடமாட்டார்கள். அக்கா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். அன்றைக்கு அவள் எங்கும் போவதாக இருக்காது. ஆனாலும் கேட்பாள்.

அவள் கடல்காரி இல்லை. நாட்டின் வடமேற்கில், அரக்தோஸ் ஆற்றுக்கு மேலே மலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஊரில் பிறந்தவள். ஏதென்ஸில் ஒரு விடுதிச் சமையலறையில் வேலை பார்த்தபோது, கடற்படைச் சேவையில் இருந்த எங்கள் ஊர் யாகுமிஸைக் கண்டு, கட்டிக்கொண்டு, இருபத்திரண்டு வயதில் அவனோடு இங்கே வந்து இறங்கினாள். முப்பத்தாறு வருடம் ஆகிவிட்டது. இன்னும் நீந்தத் தெரியாது. ஊரில் அவளுக்குப் பெயர் மலைக்காரி.

பிள்ளைகள் இல்லை. ரொட்டிதான். குளிர்காலத்தில் நூற்றறுபது பேருக்கு, ஆகஸ்டில் இரண்டாயிரம் பேருக்கு. மாவு பிசைய இயந்திரம் உண்டு. ஆனால் நீண்ட மரத்துடுப்பால் ரொட்டிகளை அடுப்புக்குள் தள்ளவும் வெளியே இழுக்கவும் தோள் வேண்டும். யாகுமிஸின் வலது தோள் பத்து வருடத்துக்கு முன் கூரையிலிருந்து விழுந்ததோடு சரி. அன்றிலிருந்து துடுப்பு அக்கா கையில். அதற்கும் இரண்டு வருடம் முன்னால், அம்மாவின் அடக்கத்துக்குப் போனதுதான் அவள் கடைசியாக ஊருக்குப் போனது. மலையில் மிச்சம் இருந்தது அவளுடைய அக்கா எவான்தியா ஒருத்திதான். தினமும் தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள். பாதிப் பேச்சு வானிலைதான். இங்கே காற்று, அங்கே பனி.

போய் வர ஒரு வாரம் போதும். அந்த ஒரு வாரம்தான் கிடைக்கவில்லை. ஜூலை, ஆகஸ்டில் மலைப்பாதை நன்றாகத் திறந்திருக்கும். இங்கே மெல்தெமி என்கிற கோடை வடகாற்று கடலைக் கொதிக்க வைக்கும், அதற்குமேல் சுற்றுலாக் கூட்டம். ஜனவரி நடுவில் பத்து நாள் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும். அப்போது மலையில் இடுப்பளவு பனி, பேருந்து கிடையாது. ஏப்ரலில் ஈஸ்டர் ரொட்டி. மே மாதம் பனி உருகி மலை சேறாக இறங்கும். கடல் திறந்தால் மலை மூடிக்கொள்ளும், மலை திறந்தால் கடல் மூடிக்கொள்ளும். இரண்டும் திறந்திருந்தால் அடுப்பு விடாது.

போன வருடம் ஜூனில் எவான்தியாவின் மகன் தோமாஸ், ஜெர்மனியில் லாரி மெக்கானிக்காக இருப்பவன், ஒரு முடிவு சொன்னான். எழுபதை நெருங்கும் அம்மாவை இன்னொரு பனிக்காலம் அந்த ஊரில் தனியாக விடமாட்டான். நவம்பர் முதல் தேதி கப்பலில் இத்தாலி வழியாகக் கூட்டிக்கொண்டு போகிறான். வீட்டைப் பூட்டிவிடுவார்கள்.

அதைக் கேட்ட மறுநாள் அக்கா என் கடைக்குள்ளேயே வந்தாள். மூன்று வருட நாட்காட்டிகள் அவள் கையில் இருந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் மேலே இங்குள்ள காற்று, கீழே எவான்தியா தொலைபேசியில் சொன்ன மலைச் செய்தி.

"ஸான்னிஸ், இதைப் பாரு. அக்டோபர் இருபதுலேர்ந்து இருபத்தெட்டு வரைக்கும். மூணு வருஷமும் அங்க வெயில், இங்க நாலுக்கு மேல காத்து இல்ல."

"அது தெரிஞ்ச கதைதானே அக்கா. புனித திமித்ரியோஸ் திருநாளை ஒட்டி குட்டிக் கோடை ஒண்ணு வரும்னு எல்லாருக்கும் தெரியுமே."

"எல்லாருக்கும் தெரியும். எனக்கு இப்பத்தான் தேவைப்படுது. இருபதாம் தேதி கப்பலுக்கு எழுது."

"ஜூன் மாசத்துலயே எழுதணுமா? அந்தக் கப்பல் பாதி காலியா வரும் அக்கா."

"எழுதுடா."

எழுதினேன். யாகுமிஸ் மறுக்கவில்லை. "போயிட்டு வா, யாரு வேணாங்கறா. காத்துகிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போ" என்றான். எங்கள் ஊரில் அது கேலி மட்டும் அல்ல.

அக்டோபர் தொடக்கத்திலிருந்து அக்கா இரட்டை வேலை செய்தாள். அன்றாட ரொட்டி போக, ஒன்பது நாளுக்கு ஊருக்கே காணும்படி வாற்கோதுமை ரொட்டியை இரண்டுமுறை சுட்டுக் காயவைத்து மூட்டை மூட்டையாக அடுக்கினாள். மீன்காரர்கள் விடவில்லை. "மலைக்காரி எங்க பல்லை உடைச்சுட்டுத்தான் ஊருக்குப் போவா போல." அவளும் விடவில்லை. "தண்ணியில நனைச்சுத் தின்னுங்க. உங்களைச் சுத்தி அதுதானே இருக்கு."

பத்தொன்பதாம் தேதி மாலை தெற்கிலிருந்து காற்று கிளம்பியது. இருபதாம் தேதி காலையில் அக்கா கறுப்புக் கோட்டு போட்டு, பெட்டியோடு வாசலில் நின்று முகவாயை உயர்த்தினாள். நான் ஒன்பது விரல் காட்டினேன். அவள் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, மாவை இயந்திரத்தில் கொட்டினாள்.

அக்டோபரிலிருந்து கப்பல் வாரத்துக்கு மூன்றுமுறைதான். இருபத்திரண்டாம் தேதிக் கப்பலும் வரவில்லை, இருபத்துநான்காம் தேதிக் கப்பலும் வரவில்லை. குட்டிக் கோடை வரவே இல்லை. தெற்குக் காற்று தூசியும் மழையுமாக அடித்தது. கடல் தெருவுக்கு ஏறி என் வாசற்படியை நனைத்தது. மூன்றாம் தடவை அக்கா கோட்டைக் கழற்றவில்லை. கோட்டோடேயே என் கடையில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒன்றாம் தேதிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கு அக்கா" என்றேன்.

"எண்ணத் தெரியும் எனக்கு." கடலைப் பார்த்தபடி, "ஸான்னிஸ், இந்தத் தீவு ஒரு அண்டா. மூடியை யாரோ வெச்சுட்டுப் போயிட்டாங்க" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். காற்றை நான் எழுப்புவதில்லை. ஆனால் பதினோரு வருடமாக அவளுக்கு இல்லை என்று சொன்ன விரல்கள் என்னுடையவை.

இருபத்தேழாம் தேதி காற்று ஏழுக்கு இறங்கியது. கப்பல் வந்தது. அவள் வாந்தி எடுத்துக்கொண்டே எட்டு மணி நேரம் போனாள். பிரேயசிலிருந்து பேருந்து நிலையம், அங்கிருந்து ஐந்து மணி நேரம் அர்தா நகரம், அங்கிருந்து ஒரு டாக்சி. இனிமேல் நடந்ததெல்லாம் அவள் பிறகு எனக்குச் சொன்னது.

கடலை மூடிய அதே தெற்குக் காற்றுதான் மலையில் எட்டு நாள் மழையைக் கொட்டியிருந்தது. ஊருக்கு ஏழு கிலோமீட்டர் இருக்கும்போது பாதை இல்லை. மலை ஒரு பக்கமாகச் சரிந்து, மரங்களோடு பாதையை விழுங்கி, பள்ளத்தாக்கில் இறங்கியிருந்தது. நாற்பது மீட்டர் அகலத்துக்குச் சேறும் பாறையும். டாக்சிக்காரர் இஞ்சினை நிறுத்தினார். "அவ்வளவுதாம்மா. ஊருக்கு வேற வழி கிடையாது."

லாம்ப்ரினி அக்கா தொலைபேசியில் எவான்தியாவைக் கூப்பிட்டாள். அரைமணி நேரத்தில் மறுபக்கம் தோமாஸின் கார் வந்து நின்றது. எவான்தியா தடியை ஊன்றி இறங்கினாள். பதினோரு வருடத்துக்குப் பிறகு இருவரும் சரிவின் இரு கரையில் நின்று பார்த்துக்கொண்டார்கள்.

"குண்டாயிட்டடி" என்று கத்தினாள் எவான்தியா.

"உனக்குக் கண்ணு தெரியலைன்னு தோமாஸ் சொன்னான்."

"குண்டா இருக்கறது தெரியும். சாப்பிட்டியா?"

"கப்பல்ல எல்லாம் வெளிய போயிடுச்சு. நான் ஏறி வரேன் இரு. சின்ன வயசுல இதைவிட மோசமான இடத்துல ஆடு ஓட்டியிருக்கேன்."

"காலை வெச்ச, கல்லெடுத்து அடிப்பேன். அப்ப உனக்குப் பன்னெண்டு வயசு."

அக்கா ஒரு காலை வைத்தாளாம். முழங்கால்வரை உள்ளே போனது. டாக்சிக்காரர் கக்கத்தில் கைகொடுத்து இழுத்தார்.

கீழ் ஊரில் காப்பிக்கடைக்கு மேலே ஒரு அறை கிடைத்தது. அடுத்த மூன்று நாளும் காலை பத்து மணிக்கு அக்கா சரிவுக்கு நடந்து போவாள். அந்தப் பக்கம் எவான்தியா நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். தொலைபேசியில் பேசுவதையேதான் பேசினார்கள். கத்திப் பேசவேண்டியிருந்ததால் எதையும் முழுசாகச் சொல்ல முடியவில்லை. அம்மாவின் கல்லறை விளக்கைப் பக்கத்து வீட்டுக்காரி ஏற்றுவாள். கோழிகளைக் கொடுத்தாயிற்று. வாதுமை மரம் காய்க்கவில்லை. "போக உனக்கு இஷ்டமா?" என்று அக்கா கேட்டாள். எவான்தியா காதில் கைவைத்து, "என்ன?" என்றாள். மறுபடி கேட்க அக்காவுக்கு வாய் வரவில்லை. எவான்தியாவும் அங்கே அடைபட்டுத்தான் கிடந்தாள். பாதை திறக்காவிட்டால் தோமாஸின் கப்பல் போய்விடும்.

மண்தோண்டும் இயந்திரம் மூன்று நாள் வேலை செய்தது. நவம்பர் முதல் தேதி காலை ஒரு கார் போகிற அளவு பாதை கிடைத்தது. முதலில் வந்தது தோமாஸின் கார்தான். கூரையில் மெத்தை கட்டியிருந்தது. எவான்தியா இறங்கி, தங்கையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

"வீட்டைப் பூட்டிட்டேன். விறகு உள்ள இருக்கு, சீஸ் இருக்கு. நீ போய் நாலு நாள் இரு. அதுக்குத்தானே வந்த."

தோமாஸ் கடிகாரத்தைப் பார்த்தான். "சித்தி, தப்பா நெனைக்காதீங்க. இகுமெனித்சா துறைமுகத்துக்கு மூணு மணி நேரம் ஆகும். சாயங்காலம் கப்பல்."

மேலே வீடு. பாதை திறந்திருந்தது, வெயிலும் அடித்தது. மூன்று வருடம் கட்டம் கட்டமாகப் பார்த்துப் பிடித்த வாரம் கடைசியில் வந்திருந்தது. அக்கா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு காரின் பின்கதவைத் திறந்து, மூட்டைகளுக்கு நடுவில் இடம் பண்ணி உட்கார்ந்தாள்.

"துறைமுகம் வரைக்கும் வரேன்."

மூன்று மணி நேரமும் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். எவான்தியா பாதி வழி தூங்கினாள். துறைமுகத்தில் கடல் தட்டாக இருந்தது. எவான்தியா அவ்வளவு பெரிய கப்பலைப் பார்த்ததில்லை, "இது மிதக்குமாடி?" என்று கேட்டாள். "மிதக்கும், காத்து இல்ல" என்றாள் அக்கா. கார் உள்ளே போனதும் இரும்புப் பலகை மேலே ஏறிக்கொண்டது. அவ்வளவுதான்.

அவள் பிரேயஸ் வந்து சேர்ந்தபோது வடக்குக் காற்று. மறுபடி தடை. துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு மலிவான விடுதியில் அறை எடுத்தாள். தினமும் காலையில் என்னைக் கூப்பிடுவாள். "இன்னைக்கு?" என்பாள். "இல்ல அக்கா" என்பேன். இப்படி ஐந்து நாள். இங்கே ஊர் காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தது. யாகுமிஸ் ஒரு நாளைக்கு மூன்றுமுறை என் கடைக்கு வந்து கடலைத் திட்டினான்.

ஆறாம் நாள் காற்று விழுந்தது. அவள் கூப்பிட்டதும் நான் சந்தோஷமாகச் சொன்னேன். "கிளம்புது அக்கா. எட்டரைக்கு."

 

"ஸான்னிஸ், என் டிக்கெட்டை வெள்ளிக்கிழமைக்கு மாத்து."

"உடம்புக்கு முடியலையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. மாத்து."

மாற்றினேன். சாயங்காலம் கப்பலிலிருந்து முப்பது பேர் இறங்கினார்கள். வண்டியோடு வந்திருந்த யாகுமிஸ் கடைசி ஆள்வரை பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். "எங்கடா?"

"கப்பல்ல இடம் இல்லையாம்" என்றேன்.

நவம்பர் மாதம். ஆயிரம் பேர் ஏறக்கூடிய கப்பல் வெறிச்சோடி எங்கள் முன்னாலேயே நின்றது. யாகுமிஸ் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நல்ல கையால் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "சரி. இடம் இல்லன்னா என்ன பண்றது" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினான்.

அந்த நாட்களைப் பற்றி அக்கா பின்னால் அதிகம் சொல்லவில்லை. விடுதிக்குக் கீழே ஒரு ரொட்டிக்கடை இருந்ததாம். காலையில் தாமதமாக எழுந்து, இறங்கிப்போய், யாரோ சுட்ட ரொட்டியை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, படகுத்துறைப் பெஞ்சில் உட்கார்ந்து கப்பல்கள் போவதைப் பார்த்தாளாம். "நல்லாவே சுடல. ஆனா சுட்டது நான் இல்ல" என்றாள். திரும்பி வராமலே இருந்துவிடலாம் என்று நினைத்தாளா என்று நான் கேட்கவில்லை. 

வெள்ளிக்கிழமை காற்று நான்கு. கறுப்புக் கோட்டோடு அவள்தான் முதலில் இறங்கினாள். யாகுமிஸ் பெட்டியை வாங்கிக்கொண்டான்.

"இடம் கிடைச்சுதா?" என்றான்.

"கிடைச்சுது."

"எவான்தியா எப்படி இருக்கா?"

"மெலிஞ்சுட்டா" என்றாள். வண்டியில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "மாவு எத்தனை மூட்டை இருக்கு?" என்று கேட்டாள்.