அண்ணன் கழுத்தில் கிடந்த துணி

எங்கள் அண்ணன் கர்த்தருக்குள் கண்மூடி வருஷம் ஒன்று திரும்பிவிட்டது. அவருடைய ஆத்துமத்துக்காக ஒப்புக்கொடுக்கும் பூசைக்கு வந்து, இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினருக்கும் சினேகிதருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். "நல்லதா நாலு வார்த்தை எழுது, கோர்ட்டு கதையெல்லாம் வேணாம்" என்று அண்ணி சொன்னார்கள். அண்ணி மன்னிக்க வேண்டும். கோர்ட்டுக் கதையைத் தள்ளிவிட்டால் அண்ணனுடைய கடைசி வருஷங்களில் எழுத மிச்சம் ஒன்றுமில்லை.

அண்ணன் பிறந்தது இதே புதுச்சேரியில், பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில். எங்கள் தகப்பனார் மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். அவர் காலமானபோது அண்ணனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. படிப்பை விட்டுவிட்டு நூல் ஆலைக்குப் போனார். நான் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்ததும், இன்று அங்கேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதும் அவர் உழைப்பால் வந்தவை. கல்யாண வீட்டில் அண்ணன் இருக்கும் பந்தி எது என்று சிரிப்புச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். "டீச்சரம்மா, உன் பிரெஞ்சுல எனக்குக் கொஞ்சம் கொழம்பு ஊத்து பாக்கலாம்" என்று என்னைச் சீண்டாமல் சாப்பிட உட்கார மாட்டார். மாதா திருநாளில் சப்பரத்தின் முன்தண்டுக்கு வலப்பக்கத்துத் தோள் அவருடையது. அவர் சுமந்த காலம் வரை அந்த இடத்தில் வேறு ஆள் நின்றதில்லை.

வியாபாரம் படுத்த காலத்தில் ஆலையில் ஆளைக் குறைத்து, ஒருவரையே இரண்டு இயந்திரம் பார்க்கச் சொன்னார்கள். ஒரு நாள் பஞ்சு அடிக்கும் இயந்திரம் அண்ணனுடைய வலக்கையை இழுத்துக்கொண்டது. இரண்டு விரல் போயிற்று. முழங்கை வரை சதை கிழிந்தது. ஆஸ்பத்திரியில் பிரெஞ்சு டாக்டர் துரை புண்ணை ஆற்றிவிட்டு என்னிடம் சொன்னார்: போன விரல் போனதுதான், கை திரும்பி வரும், ஆனால் தினமும் மடக்கி நீட்ட வேண்டும், சும்மா வைத்தால் அப்படியே இறுகிப் போகும்.

ஆலையோ, தொழிலாளியின் கவனக்குறைவு என்று சொல்லிக் கையைக் கழுவிவிட்டது. அண்ணன் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். எங்கள் வக்கீல் ஐயா நல்ல மனிதர். எங்கள் நன்மைக்குத்தான் அவர் அதைச் சொன்னார். "கையைத் துணியில கட்டி கழுத்துல மாட்டிக்கோங்க. தீர்ப்பு வர்ற வரைக்கும் அந்தக் கை அசையறத ஒருத்தரும் பாக்கக் கூடாது. ஆலையில ஆள் வச்சிப் பாப்பாங்க." அந்த ஆள் யார் என்பது தெருவுக்கே தெரியும். எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்த ஆலை மேஸ்திரி சவரிமுத்து அவர்கள்தான்.

வெளியே வக்கீல் சொன்னபடி, வீட்டுக்குள் டாக்டர் சொன்னபடி என்று அண்ணன் வாழத் தொடங்கினார். கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு கையை மடக்குவார், நீட்டுவார், கிணற்றில் வாளி இழுத்துப் பார்ப்பார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் கை துணிக்குள் ஓடிவிடும். அவர் சிரிப்பும் அப்படித்தான் பாதியில் நின்றது. பூசைக்குப் போனாலும் சாமியார் நாக்கில் வைக்கும் அப்பத்தை, நன்மையை, வாங்க எழுந்திருக்க மாட்டார். ஏன் என்று கேட்டேன். "கழுத்துல ஒரு பொய்ய மாட்டிக்கினு சாமியார்கிட்ட எப்படி பாப்பா நாக்க நீட்டறது?" என்றார்.

"அப்படின்னா கேஸே வேணாம், வுட்டுடுண்ணே" என்று கெஞ்சினேன். "ஆலையில இனிமே என்னச் சேப்பாங்களா? கேசும் போச்சுன்னா என் புள்ளைங்களும் மார்க்கெட்டுல மூட்டைதான் தூக்கணும்" என்றார்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கடலோரம் இருந்த கோர்ட்டுக்கு அண்ணனோடு நான்தான் போவேன். வாய்தா, மறுபடி வாய்தா. ஒவ்வொரு முறையும் இயந்திரம் கையை இழுத்த கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். துபாசி அதைப் பிரெஞ்சில் திருப்பிச் சொல்வார். அண்ணனுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் கேட்டுக் கேட்டு, தன் விரல் போகும் இடம் வரும்போது அவருக்குத் தெரிந்துவிடும். துபாசி அங்கே வருவதற்குள் அண்ணன் உடம்பு விறைக்கும். அட கடவுளே, ஒரு தரம் பட்ட அடியை எத்தனை தரம் படுவது! ஆலைச் சங்கு ஊதினால் வீட்டில்கூடத் துணிக்குள் அந்தக் கை துடிக்கும்.

அந்த வருஷத்து மாதா திருநாளில் மழை பெய்து தெரு சேறாகிக் கிடந்தது. சப்பரம் எங்கள் தெருமுனை திரும்பும்போது முன்னால் சுமந்தவர் வழுக்கி விழுந்தார். சப்பரம் சாய்ந்தது. "ஐயோ மாதாவே!" என்று ஜனங்கள் அலறினார்கள். ஓரமாக நின்ற அண்ணனின் வலக்கை துணியை விட்டு வெளியே வந்து தண்டைப் பிடித்துவிட்டது. சப்பரம் நிமிர்ந்தது. மூன்றே விரலுள்ள அந்தக் கை என்னமாய்ப் பிடித்தது! எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணன் முகத்திலும் பழைய சிரிப்பு எட்டிப்பார்த்தது. பிறகுதான் எதிரே நின்ற சவரிமுத்து அவர்களைக் கண்டார். அவர் கண் இந்தக் கைமேல்தான் இருந்தது.

"பாத்துட்டான் பாப்பா. அடுத்த வாய்தாவுல வந்து சொல்லப் போறான்."

அன்றோடு கொல்லைக் கதவைச் சாத்திக் கையை மடக்கி நீட்டுவது நின்றது. குளிக்கும்போதுகூடத் துணியை அவிழ்க்க மாட்டேன் என்றார். சாட்சி சொல்ல மேஸ்திரி வரப்போகிறார், வரப்போகிறார் என்று ஒவ்வொரு வாய்தாவுக்கும் நடுங்கிக்கொண்டு போனோம். அவர் வரவேயில்லை. கடைசியில் பெரிதாகச் சொல்லத்தான் பொத்தி வைத்திருக்கிறார் என்று அண்ணன் இன்னும் இறுக்கிக் கட்டினார். நானும் அண்ணியும் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

கடைசி வாய்தாவில் கோர்ட்டு அனுப்பிய டாக்டர் துணியை அவிழ்த்துக் கையை நீட்டச் சொன்னார். அண்ணன் நீட்டப் பார்த்தார், முடியவில்லை. டாக்டரே பிடித்து இழுத்தார். கை மார்போடு மடங்கியபடியே நின்றது. திரும்பி வரும் வழியில் வாய்க்கால் பாலத்தின்மேல் அண்ணன் நின்றுவிட்டார். அவர் முகத்தில் நிம்மதியைக் கண்டேன். "இப்போ பொய் இல்ல பாப்பா" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்கினார்.

வழக்கு ஜெயித்தது. பிள்ளைகள் படிக்கிறார்கள். அண்ணன் அதன்பிறகு அதிக காலம் இருக்கவில்லை. பஞ்சுத் தூசி தின்ற நெஞ்சில் காய்ச்சல் கண்டது. ஜுர வேகத்தில் எங்களில் யாரையும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "வுய் முசே, வுய் முசே" என்று, கோர்ட்டுத் துரைக்கு 'ஆமாம் ஐயா' சொல்வதுபோல், கூரையைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். சாமியார் கடைசி எண்ணெய் பூச, அவஸ்தைப்பூசுதல் பெற்று அமைதியாக உயிர் நீத்தார்.

நோயில் வந்து பார்த்த சாமியாருக்கும், காசு பாராமல் வாதாடிய வக்கீல் ஐயாவுக்கும், மடத்துக் கன்னியர்களுக்கும், சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த ஆலைத் தோழர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

இன்னும் ஒருவர் உண்டு. அண்ணனைக் குளிப்பாட்டியதும், கைகளைச் சேர்த்து ஜெபமாலை சுற்ற முன்வந்தவர் சவரிமுத்து அவர்கள். இடக்கையை மடக்கி வைத்தார். வலக்கையைச் சரி செய்யப் பிடித்தவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா தங்கச்சி இது? கை நெசமாவே வரல? அன்னிக்கு சப்பரத்தப் புடிச்சாரே, நான் பாத்தேனே!"

"பாத்துட்டு யார்கிட்ட சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"சேச்சே, யார்கிட்டயும் சொல்லல. மனுசன் கை நல்லாயிடுச்சுன்னு சந்தோஷமா வூட்டுக்குப் போயிட்டேன்."

அவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அவர் நல்லதுதான் செய்தார். தெருவைத் தாண்டி வந்து அதை அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.