காசு கொடுத்து வாங்கிய மண்

உழவர்கரை வீட்டு மொட்டைமாடியில் எங்களுக்கு நான்கு கோழிகள் இருந்தன. அதில் கருப்பி என்னுடையது. வாங்கியது அப்பா, தீனி போட்டது அம்மா, ஆனாலும் என்னுடையது.

அந்த வருடம் கோழிகளுக்குப் பேன் பிடித்து, மாடிப்படி வழியாக வீட்டுக்குள்ளும் இறங்கிவிட்டது. பேப்பர் படித்தபடியே முதுகைச் சொறிந்துகொண்டிருந்த அப்பா ஒருநாள் தீர்ப்புச் சொன்னார். “ஞாயித்துக்கெழமைக்குள்ள பேன் போவலன்னா நாலும் கொழம்புதான்.” நான் அழுத அழுகையில் எனக்கு இழுப்பு வந்துவிட்டது. எனக்கு அப்போது வீசிங் உண்டு. அழுதாலும் வரும், தூசு பட்டாலும் வரும்.

சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தவளக்குப்பத்தில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போனவள், திரும்பும்போது கோழித் தீவனக் கடையிலிருந்து ஒரு பை வெள்ளைப் பொடி வாங்கிவந்தாள். பார்க்க மைதா மாதிரி இருந்தது. டயட்டம் மண்ணாம். நீருக்கடியில் படிந்த, கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் ஓடு அது என்று பிற்பாடு படித்தேன்.

தம்பி மனைவியிடம் நேருக்கு நேர் பேசும் வழக்கம் அப்பாவுக்கு இல்லை. பேப்பரைப் பார்த்துக் கேட்டார். “மண்ணப் போயி காசு குடுத்து வாங்குவாங்களா?”

சித்தியும் அம்மாவைப் பார்த்துப் பதில் சொன்னாள். “வெஷம் இல்லக்கா. மேல பட்டா பேன் காஞ்சி செத்துடும். எங்க வூட்ல ஆட்டுக்குக்கூட தூவுவோம்.”

மறுநாள் உச்சி வெயிலில் சித்தி மாடியேறினாள். என் கோழிக்கு நான்தானே பூசவேண்டும்? பின்னாலேயே ஓடினேன்.

“கிட்ட வராத! கீழ போடி!” என்று கத்திக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள்.

கதவிடுக்கில் பார்த்தேன். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கூண்டின் சந்துபொந்தெல்லாம் தூவினாள். பிறகு கருப்பியை மடியில் வைத்து இறக்கைக்கு அடியில் தேய்த்துவிட்டாள். அது சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது. துரோகி!

சாயங்காலம் முழுக்கச் சித்தி இருமிக்கொண்டே இருந்தாள். நன்றாக வேண்டும், சாமி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது என்று நினைத்தேன்.

ஞாயிறும் வந்தது. அப்பா கூண்டுக்குள் கையை விட்டுப் பார்த்தார். ஒன்றும் ஏறவில்லை. “மண்ணு பரவால்ல” என்று மறுபடி பேப்பரிடமே சொன்னார். அன்று மதியம் முருங்கைக்காய் சாம்பார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனாலும் கதவைத் தாழ் போட்டதற்காகச் சித்தியிடம் விட்ட ‘டூ’வை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

போன மாதம் என் வீட்டுக் கோழிகளுக்கு அதே பொடியைத் தூவப் போனேன். மாஸ்க் மாட்டும்போது பின்னால் மகள் வந்து நின்றாள். “கிட்ட வராத! கீழ போடி!” என்று கத்தினேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, படியெல்லாம் அதிர இறங்கிப் போனாள்.

தாழ்ப்பாளில் கை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன். சித்தியை அந்த நிமிடமே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கருப்பியை மட்டுமா அவள் காப்பாற்றினாள்? அன்றைக்கு அந்தக் கதவு திறந்திருந்தால், அந்த இருமல் என் நெஞ்சுக்குத்தான் வந்திருக்கும். கதவுக்கு வெளியே நின்று சித்தியோடு டூ விட்ட சிறுமிக்கு அது தெரியாது.