சிட்டகாங் பெட்டிக்குள் இருந்தவள்

வியாபாரி சொன்னால் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்பது உலக வழக்கம். இதில் தள்ளுபடி கிடையாது. கூட இருந்த இரண்டு பேரும் நல்லபடியாக இருக்கிறார்கள். யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஜூலை. துபாய் அல் கூஸில் என் குடோன். உடைத்த கப்பல்களின் கதவு, அலமாரிகளை வாங்கி விற்பது என் தொழில். சிட்டகாங்கிலிருந்து வந்த ஒரு கண்டெய்னர் முற்றத்தில் நின்றது. பக்கத்து நாட்டில், ரூவியில் கடை வைத்திருக்கும் சாதிக் பாட்ஷா அதை அப்படியே வாங்குவதாகப் பேச்சு. ஒரே நிபந்தனை, சீல் உடையக் கூடாது. உடைந்தால் சரக்கு மாறிவிட்டது என்பார். அவர் இடத்தில் நானும் அதையேதான் சொல்வேன். காயல்பட்டினத்தில் எங்கள் வீட்டில் சம்பந்தம் பேசப் போனாலும் முதலில் மட்டம் தட்டிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள்.

மதியம் 12:50. வெயிலில் வேலை செய்யத் தடை உள்ள நேரம். நாற்பத்தேழு டிகிரி. தெருவில் ஒரு ஜீவன் இல்லை.

டொக்... டொக்.

"பாய், உள்ள ஆளு கெடக்கு," என்றான் யேசுதாசன். குமரிக் கடற்கரைக்காரன், என்னிடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான்.

"எலியா இருக்கும்லே."

"எலி பேசுமா பாய்?"

பேசியது. பெண் குரல். எனக்கு இரண்டே சொற்கள் பிடிபட்டன. சாவி... ஜன்னல்... மற்றது எதுவும் நான் கேட்டறியாத பாஷை. பெட்டி கப்பல் ஏறிப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

வாட்ச்மேன் நூருல் ஆப்சார் சிட்டகாங்காரர். கொதிக்கும் இரும்பில் காதை வைத்தார். சுட்டிருக்க வேண்டும். அவர் நகரவே இல்லை.

"தண்டா, பாய்... ஐஸ் மாதிரி."

"என்ன சொல்லுறா?"

"பாதி ஹமாரா ஊர் பாஷா. பாதி... மாலூம் நஹி, தெரியல."

1:04. குரல் தேய ஆரம்பித்தது. போலீஸ் வருவதற்குள் வெந்துவிடுவாள். ரூவிக்குப் போன் போட்டேன்.

"சீலை வெட்டாதீங்க. நான் வந்து பாத்துக்கிறேன்," என்றார் சாதிக் பாட்ஷா.

"உயிர் போவுது காக்கா!" என்றேன், அண்ணன் முறை வைத்து.

"எந்த உயிரு? ரெண்டு நாள்ல வந்துர்றேன்."

பேசிப் பேசியே வளர்ந்தவன் நான். அன்று என் பேச்சு எதுவும் எடுபடவில்லை. பதினொரு நிமிடம் கெஞ்சினேன். உள்ளே அவளும் கெஞ்சிக்கொண்டிருந்தாள். கட்டரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். ஏன் வெட்டவில்லை?

"பாய், செத்துருவா பாய்... வெட்டும்!" யேசுதாசன் அழுதுவிட்டான்.

கடைசியில் ரூவிக்காரர் போனிலேயே இறங்கி வந்தார். வெட்டுவதை முழுக்க வீடியோ எடுக்க வேண்டும், சரக்கில் குறை வந்தால் என் தலையில். எங்கள் தொழிலில் சாட்சிக்கு அப்படி எடுப்பது உண்டு. யேசுதாசன் முதல் டொக்கிலிருந்தே போனில் எடுத்துக்கொண்டிருந்தான்.

"சரி," என்றேன்.

1:15. குரல் நின்றது.

வெட்டினேன். கதவு திறந்தது.

தேக்குக் கதவுகள். தரையிலிருந்து கூரை வரை. பூனை நுழைய இடமில்லை.

ஐந்து மணி வரை ஒவ்வொன்றாக இறக்கினோம்.

யாரும் இல்லை.

ஆப்சார் அந்த வீடியோவை ஊரில் ஒரு பழைய வாத்தியாருக்கு அனுப்பினார். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது.

அது பறங்கியர் பாஷையாம். போர்த்துகீசியமும் வங்காளமும் கலந்து பிறந்தது. சாவி, ஜன்னல் இரண்டும் நமக்கும் போர்த்துகீசியத்திலிருந்து வந்தவைதானாம். அதைப் பேசிய கடைசி ஆள் செத்து ஒரு தலைமுறைக்கும் மேலாகிறது. எழுத்தில் இருப்பதை வைத்துத்தான் வாத்தியாரும் படித்திருக்கிறார். 'இவ்வளவு சரளமாகப் பேசுபவர் யார்?' என்று கேட்டிருந்தார்.

அவர் கேட்டது அவளை அல்ல. வீடியோவில் இருந்த அந்த ஆணை.

வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். பதினொரு நிமிடத்தில் நான் பேசியதில் ஒரு சொல் தமிழ் இல்லை. ரூவிக்காரர் குரலும் இல்லை. அவளோடு பேசுவது நான். என் குரல். என் இருமல்.

வாத்தியார் அர்த்தம் எழுதியிருந்தார்.

அவள் திறக்கச் சொல்கிறாள். நான், என்ன தருவாய் என்கிறேன்.

வளையல் என்கிறாள். போதாது என்கிறேன்.

கல்யாண மோதிரம்... போதாது.

பிள்ளையை எடுத்துக்கொள் என்கிறாள்.

நான் சிரிக்கிறேன்.

"சரி," என்கிறேன். மணி 1:15.