லேசான தோட்டா

என் அக்கா துப்பாக்கி சுடுவாள். கல்லூரியில் கற்றுக்கொண்டது. எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் யாரும் நம்பவில்லை. "உங்க அக்கா யாரைடி சுடப் போறா?" என்று கடைக்காரர் கேட்பார். அட்டையைச் சுடுவாள் என்றால் சிரிப்பார்.

அப்பா இல்லை. அம்மாவுக்கு நெஞ்சில் நோய். இருமினால் நிற்காது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, மாத்திரை கொடுப்பது, முதுகைத் தடவுவது எல்லாம் அக்காதான். நான் சின்னவள். தண்ணீர் மொண்டு வருவதோடு என் வேலை முடிந்தது.

அந்த வருஷம் ஒரு போட்டி வந்தது. தூரத்தில் வைத்த இலக்கை ரைபிளால் சுட வேண்டும். ஜெயித்தால் டெல்லியில் ஒரு வருஷம் பயிற்சி. அக்கா போகவில்லை என்றாள். அம்மா விடவில்லை.

"எனக்காக நீ ஊட்ல குந்திக்கினா, நான் மாத்திரையே துன்ன மாட்டேன்."

சொன்னபடி அன்று மாத்திரையைத் துப்பினாள். அக்கா பேர் கொடுத்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் விழுங்கினாள்.

அது மல்லாட்டை பிடுங்கிய சமயம். வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். களத்தில் அம்மா முறத்தை உயர்த்தித் தூற்றினாள். காற்றில் பருப்பில்லாத பொக்கு தூரம் போய் விழுந்தது. நல்ல காய் காலடியிலேயே விழுந்தது.

"தோட்டாவும் இப்டித்தாம்மா" என்றாள் அக்கா. "லேசானது வேகமாப் போவும். ஆனா காத்தடிச்சா ஒதுங்கிடும். கனமானதத் தள்றது கஷ்டம்."

"அப்ப கனமானதையே எடு" என்றாள் அம்மா.

மல்லாட்டை தூற்றத் தெரிந்தால் டெல்லிக்குப் போய்விடலாம் போல என்று நான் நினைத்தேன்.

போட்டியன்று மூவரும் போனோம். அம்மா பின்னால் மரத்தடியில் உட்கார்ந்தாள். அக்காவின் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். மலைப் பக்கமிருந்து காற்று. மைதானத்தில் நட்ட கொடிகள் படுத்தவாக்கில் விறைத்துப் பறந்தன.

அக்காவின் கல்லூரி கோச் இரண்டு தோட்டா டப்பா நீட்டினார். "காத்து ஜாஸ்திம்மா. கனமானத எடு."

"இதுவே போதும் சார்."

"அது லேசு. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

அவர் கொடிகளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

அக்கா குப்புறப் படுத்துச் சுட்டாள். கை ஆடவில்லை. அட்டையைக் கொண்டு வந்தபோது ஓட்டைகள் எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கி இருந்தன. நெருக்கமாக, ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்குகிற மாதிரி. நடுவில் ஒன்றும் இல்லை.

பஸ்ஸில் அக்கா டிக்கெட் எடுக்க முன்னால் போனாள். அம்மா என் பக்கம் குனிந்தாள்.

"எந்த டப்பாடி எடுத்தா?"

"லேசானது."

"அவளா எடுத்தாளா, அவரு குடுத்தாரா?"

"அவளாதான். அவரு வேணான்னுதான் சொன்னாரு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருமல் வரும் என்று பாட்டிலைத் திறந்தேன். இருமல் வரவில்லை.

அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "காத்து ஜாஸ்திம்மா, தப்பிப் போச்சு" என்றாள். பையிலிருந்து மாத்திரையை எடுத்து நீட்டினாள். அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு வாங்கி, தண்ணீர்கூடக் கேட்காமல் விழுங்கினாள். வேங்கிக்கால் தாண்டும்வரை அக்காவின் கையை விடவில்லை.

அடுத்த மல்லாட்டை பிடுங்கும்போது அம்மா இல்லை. களத்தில் அக்காதான் தூற்றினாள்.

தானே சொன்னதை ஒரு வாரத்தில் மறந்துவிட்டாளே, அக்காவுக்கு இவ்வளவு மறதியா என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.