குப்பிக்குள் டார்ச் அடிப்பவர்

டெக்சாஸில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த தமிழ் அங்கிள், சனிக்கிழமை மதியங்களில் கராஜில் உட்கார்ந்து கைத்துப்பாக்கிக்குத் தோட்டா செய்வார். ஒல்லியான உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. சுட்டுத் தீர்ந்த தோட்டாக்களின் பித்தளைக் குப்பிகள் மெஷினுக்குள் உருண்டு பளபளப்பாகும் சத்தம் தூரத்து மழைபோலக் கேட்கும். வெடிமருந்து போட்டதும் ஒவ்வொரு குப்பிக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்ப்பார். பார்த்து முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது.

ஒருநாள் அவர் டார்ச்சை அணைத்த பிறகு, "நீங்க நல்லா சுடுவீங்களா, அங்கிள்?" என்று கேட்டேன்.

"நான் ட்ரிகரத் தொட்டதே இல்லம்மா. ஆன்ட்டிதான் சுடப் பழகுற ரேஞ்சுக்குப் போறா. கடைல வாங்குற தோட்டா சுடும்போது அவ கைய ரொம்ப உதைக்குதாம். அதான் மருந்தக் கொறச்சு நானே லோடு பண்றேன்."

"அதுக்கு ஒவ்வொண்ணையும் பாக்கணுமா?"

"ஒண்ணுல மருந்து ரெண்டு தடவ விழுந்துட்டா, துப்பாக்கி அவ கைல வெடிச்சிடும்."

அப்போது ஆன்ட்டியின் கார் வந்து நின்றது. "இன்னிக்கு எல்லாம் நடுவுல பட்டுச்சு" என்றபடி இறங்கினார். அங்கிள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் பிடித்து, வெயிலில் மெல்லத் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் சிரித்தார்.

அத்தனை பயம் இருந்தும், போகாதே என்று அவர் ஒருநாளும் சொல்லி நான் கேட்டதில்லை.